புற்றுநோய்ச் சிகிச்சைக் காலத்தில் பல்லும் சாப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடசாலைப் பற்சிகிச்சையாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். என் அத்தானுக்கு நாக்கில் புற்றுநோய் கண்டபோது அவருடன் 138 பஸ்ஸில் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போய்வந்த நாட்களில், கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சிங்களத்தில் சொல்லப்பட்டதைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். அத்தானின் சிகிச்சை முடிந்த பின்னும் அந்தப் பழக்கம் விடவில்லை. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் என்று பல ஊர்களிலிருந்து வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் தங்கிச் சிகிச்சை பெறுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட பேச்சிலேயே கீழே தருகிறேன். மருந்தின் பெயரையும் அளவையும் முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் வைத்தியர்.

புற்றுநோய்க்கு மருந்தெடுக்க வந்தனாங்கள். முதல்ல பல்லு டொக்டரைப் பாத்திட்டு வாங்கோ எண்டு ஏன் அனுப்பினம்?

வாய் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் திறனைப் புற்றுநோய்ச் சிகிச்சை குறைத்துவிடுகிறது. கீமோ மருந்து வெள்ளை அணுக்களைக் குறைக்கும்போது, சூத்தைப் பல்லின் வேரடியில் பல வருடங்களாகச் சத்தமில்லாமல் கிடந்த சீழ் திடீரென்று எழும்பி இரத்தத்தில் கலக்கக்கூடும். தலை, கழுத்துப் பகுதிக்குக் கொடுக்கும் கதிர்ச் சிகிச்சையில் தாடை எலும்புக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஒடுங்கிவிடுவதால், பிறகு பல் பிடுங்கினால் அந்தக் குழி மூடாமலே போகலாம். ஆகவே செய்ய வேண்டிய பல் வேலையை வாய் நல்ல நிலையில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. மெல்ல முடியாதவர் சாப்பிட மாட்டார், சாப்பிடாதவர் மெலிவார். கழுத்துக்குக் கதிர் கொடுப்பவர்களுக்கு, தலை அசையாமலிருக்க முகத்தின் அளவுக்கு ஒரு முகமூடி வார்ப்பார்கள். வாரத்துக்கு 5 நாட்கள் வீதம் 6, 7 வாரங்கள் அதை மாட்டித்தான் படுக்க வேண்டும். இடையில் கன்னம் ஒட்டிப்போனால் முகமூடி தொளதொளத்துவிடும். கதிர் விழ வேண்டிய இடம் பிசகாமலிருக்கச் சில வேளை மறுபடி அளவெடுத்து, புதிதாகத் திட்டமிட வேண்டி வரும். சூத்தைப் பல்லில் தொடங்கிய கதை அங்கே போய் முடிவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்திருக்கிறேன்.

ரேடியேஷனுக்குத் திகதி தந்திட்டினம். இப்ப பல்லுப் பிடுங்கினா எல்லாம் பிந்தாதோ?

பல் பிடுங்கிய இடம் ஆறுவதற்குக் கதிர்ச் சிகிச்சைக்கு முன் குறைந்தது 2 வாரங்கள் தேவை; 3 வாரங்கள் கிடைத்தால் நல்லது. முகமூடி வார்ப்பது, ஸ்கேன் எடுப்பது, திட்டமிடுவது ஆகியவற்றுக்கு எப்படியும் நாட்கள் போகும் என்பதால், நோய் உறுதியான அதே கிழமையில் பல் வைத்தியரைப் பார்த்தவருக்குப் பெரும்பாலும் எதுவும் பிந்துவதில்லை. திகதி கிடைத்த பிறகு ஓடுபவருக்குத்தான் இடிக்கிறது. அப்படி ஆகிவிட்டால் புற்றுநோய் வைத்தியரும் பல் வைத்தியரும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். நீங்களாகத் திகதியைத் தள்ளிவைக்க வேண்டாம்.

எல்லாப் பல்லையும் கழற்றிவிடுவார்கள் என்ற பயமும் தேவையில்லை. அடைத்துக் காப்பாற்ற முடியாத பல், முரசு மோசமாக இறங்கி ஆடும் பல், வேரில் சீழ் வைத்த பல் ஆகியவற்றைத்தான், அதிலும் கதிர் விழும் பகுதியிலுள்ள கீழ்க் கடைவாய்ப் பற்களைத்தான் குறிப்பாகப் பார்ப்பார்கள்.

எனக்குக் கட்டி மார்பிலதானே. வாய் ஏன் புண்ணாகுது?

கீமோ மருந்து உடல் முழுவதும் ஓடி, வேகமாகப் பெருகும் கலங்களை எல்லாம் தாக்குகிறது. வாயின் உட்தோல் சில நாட்களுக்கொரு முறை புதுப்பிக்கப்படுவதால் அதுவும் அடி வாங்குகிறது. மருந்து ஏற்றி 5 முதல் 10 நாட்களுக்குள் எரிச்சல் தொடங்கி, 2, 3 வாரங்களில் பெரும்பாலும் ஆறிவிடும். வெள்ளை அணுக்கள் குறையும் நாட்களும் ஏறக்குறைய அவையே என்பதால், வாய்ப் புண்ணுடன் 38 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் இரவோடு இரவாக வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பரசிட்டமோல் போட்டுக் காய்ச்சலை அமுக்கிவிட்டுக் காலையில் வருபவர்கள்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துபவர்கள்.

ஃபுளோரோயூராசில் என்ற மருந்தை ஒரே ஊசியாக ஏற்றும்போது, ஏற்ற 5 நிமிடங்களுக்கு முன் தொடங்கி அரை மணித்தியாலம் ஐஸ் துண்டுகளை வாயில் உருட்டிக்கொண்டிருந்தால் புண் குறையும். குளிரில் குழாய்கள் ஒடுங்கி, வாய்க்கு வரும் மருந்து குறைவதே காரணம். ஆனால் அதனுடன் ஒக்சாலிபிளாட்டினும் ஏற்றுபவருக்குக் குளிர் பட்டால் தொண்டையும் விரல்களும் விறைக்கும் என்பதால் அவருக்கு ஐஸ் ஆகாது. தாதியிடம் மருந்தின் பெயரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வாய் முழுக்கப் புண். பிரஷ் பண்ணாம விட்டா என்ன?

விட்டால் புண்ணில் கிருமி ஏறும். மிக மென்மையான பிரஷ்ஷை இளஞ்சூட்டு நீரில் சற்று நேரம் ஊறவைத்தால் இன்னும் இளகும். பற்பசையின் காரம் எரித்தால், காரமில்லாத சிறுவர் பசையை எடுக்கலாம். அதுவும் முடியாத ஓரிரு நாட்களுக்கு ஈரமான மெல்லிய துணியை விரலில் சுற்றித் துடைக்கலாம். உமிக்கரி, உப்புத்தூள், வேப்பங்குச்சி ஆகியவற்றைச் சிகிச்சை முடியும் வரை ஒதுக்கிவையுங்கள்; அவை முரசைக் கீறும். முரசிலிருந்து இரத்தம் நிற்காமல் கசிந்தால், இரத்தச் சிறுதட்டுகள் குறைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கடையில விக்கிற மவுத்வொஷ் வாங்கட்டா? எது நல்லம்?

சமையலறையில் இருப்பதே போதும். ஒரு கிளாஸ் இளஞ்சூட்டு நீரில் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் அதில் பாதி உப்பும் கரைத்து, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்னும், முடிந்தால் 3, 4 மணித்தியாலங்களுக்கு ஒரு முறையும் கொப்பளித்துத் துப்பி, பிறகு வெறும் தண்ணீரால் அலசுங்கள். அல்கஹோல் கலந்த கடைத் திரவங்கள் புண்ணை எரிப்பதுடன் வாயையும் வரட்டும்.

குளோர்ஹெக்சிடின் என்ற கழுவு திரவத்தை முரசு நோய்க்குத் தருவார்கள். அது நல்ல மருந்துதான். ஆனால் பூஞ்சணத்தால் நாக்கிலும் கன்னத்திலும் படியும் வெண்படலத்துக்கு நிஸ்டாட்டின் என்ற மருந்தும் தந்திருந்தால் இரண்டையும் அடுத்தடுத்து வாயில் விடக் கூடாது. ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுக்கும். இடையில் குறைந்தது அரை மணித்தியாலம் விடுங்கள்.

கஞ்சி மட்டும்தான் இறங்குது. அது போதும்தானே?

எந்தக் கஞ்சி என்பதைப் பொறுத்தது. நோயாளிக்கென்று நம் வீடுகளில் வைக்கும் கஞ்சி பெரும்பாலும் ஒரு பிடி அரிசியும் ஒரு சட்டித் தண்ணீரும்தான். வயிறு நிறையும், உடம்புக்கு ஒன்றும் சேராது. புற்றுநோயாளிக்கு ஒரு நாளைக்கு, நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 25 முதல் 30 கலோரியும் 1 முதல் 1.5 கிராம் வரை புரதமும் வேண்டும். 50 கிலோ உள்ள ஒருவருக்கு அது 1,250 முதல் 1,500 கலோரியும் 50 முதல் 75 கிராம் புரதமும் ஆகிறது. சிறுநீரக நோய் இருப்பவருக்குப் புரதக் கணக்கு வேறு. அதை வைத்தியரிடமே கேட்க வேண்டும்.

புரதத்தை வீட்டுச் சாமான்களில் எண்ணிப் பாருங்கள். இரண்டு முட்டையில் ஏறத்தாழ 12 கிராம், 100 கிராம் அவித்த மீனில் 20 கிராம், இரண்டு கிளாஸ் பாலில் 13 கிராம், ஒரு சிறு கைப்பிடி மைசூர்ப் பருப்பில் 10 கிராம்: எல்லாமாக 55. வெறும் அரிசிக் கஞ்சியால் அதில் பாதியைக்கூட எட்ட முடியாது. ஆகவே கஞ்சியில் பருப்பைச் சேர்த்துக் குழைய அவித்து, முள் நீக்கிய மீனை மசித்துப் போட்டு, இறக்கும்போது தேங்காயின் முதற்பாலோ ஒரு மேசைக்கரண்டி நெய்யோ விடுங்கள். அந்த ஒரு கரண்டி நெய்யில் மட்டும் 120 கலோரி அளவு இருக்கிறது. இடியப்பத்தைப் பால்சொதியில் ஊறவைத்தால் மெல்லாமலே இறங்கும். புட்டும் வறுத்த பாணும் தொண்டையில் உராயும். மிளகாய், புளி, தேசிக்காய் எரிக்கும். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டில் எதையும் கொடுக்க வேண்டாம். வலிமருந்து தந்திருந்தால், வைத்தியர் சொன்னபடி சாப்பாட்டுக்கு முன்பே அதைக் கொடுத்துவிடுங்கள்.

இலைக்கஞ்சியைப் பலர் கேட்கிறார்கள். நன்றாகக் கழுவிக் காய்ச்சியதென்றால் குடிக்கலாம். அதை ஒரு நேரச் சாப்பாடாகக் கணக்கிட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

எவ்வளவு நிறை குறைஞ்சாப் பயப்பட வேணும்?

ஒரு மாதத்தில் நூற்றுக்கு 5, அல்லது ஆறு மாதத்தில் நூற்றுக்கு 10 குறைந்தால் உடனே கவனிக்க வேண்டும். 60 கிலோ இருந்தவருக்கு இது முறையே 3 கிலோவும் 6 கிலோவும் ஆகும். பருமனாக இருந்தவர் மெலிவது நல்லதுதானே என்று சிலர் சொல்கிறார்கள். சிகிச்சைக் காலத்தில் கொழுப்புடன் தசையும் சேர்ந்தே கரைகிறது என்பதால் அது நல்லதல்ல. கால் வீக்கமோ வயிற்றில் நீரோ இருந்தால் தராசும் ஏமாற்றும்.

ஹட்டனிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் நிறை குறைந்ததா என்று தாதி கேட்க, இல்லை என்று தலையாட்டினார். அவர் கொப்பியை நீட்ட கையைத் தூக்கியபோது காப்பு மணிக்கட்டிலிருந்து வழுக்கி முழங்கை வரை ஓடியது. மோதிரத்தில் கழன்று விழாமலிருக்க மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. சங்கப் பாட்டில் தலைவிக்கு வளை நெகிழ்ந்தால் காரணம் தலைவன். இங்கே காரணம் கீழ்த்தாடையில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பற்கள். வலியினால் இரண்டு மாதங்களாக அவர் தேத்தண்ணியில் நனைத்த விசுக்கோத்தையே சாப்பிட்டு வந்திருக்கிறார். வாரம் ஒரு முறை, ஒரே தராசில், ஒரே நேரத்தில் நிறுத்துக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள்.

எதைத் திண்டாலும் இரும்பு மாதிரி இருக்கு. நாக்கு செத்துப் போச்சோ?

இல்லை. சுவை மொட்டுகள் தற்காலிகமாகக் கெட்டிருக்கின்றன. பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் திரும்பும். அதுவரை எவர்சில்வர் கரண்டிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கரண்டி, இறைச்சிக்குப் பதிலாக முட்டை அல்லது தயிர், சூடான சாப்பாட்டுக்குப் பதிலாக ஆறிய சாப்பாடு என்று மாற்றிப் பாருங்கள். நாக்கில் வழித்தால் வரும் வெண்படலம் இருந்தால் அதைக் காட்டி மருந்து எடுங்கள். அது போனாலே பாதிச் சுவை திரும்புவதுண்டு.

வாய் பாலைவனம் மாதிரி வரண்டு போச்சு. தண்ணி குடிச்சாச் சரிவராதோ?

தண்ணீர் நனைக்கும், உமிழ்நீர் காக்கும். உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, பல்லிலிருந்து கரைந்த தாதுக்களைத் திருப்பித் தருகிறது. கதிரில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் கெட்டால் அந்த வேலை நின்றுவிடும். சாதாரண வாயில் கடைசியாகச் சூத்தையாவது கீழ் முன்பற்கள், ஏனென்றால் அவை எப்போதும் உமிழ்நீரில் நனைந்திருக்கின்றன. வேலை செய்த காலத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் வாயைப் பார்த்தும் அவற்றில் சூத்தையை அரிதாகவே கண்டேன். கதிர் எடுத்தவர்களில் அதே பற்கள் முரசோரத்தில் வளையம் போட்டதுபோல் மண்ணிறமாகி, சில மாதங்களுக்குள் முறிந்து விழுவதைக் கண்டபோதுதான் உமிழ்நீரின் அருமை எனக்கே விளங்கியது. இந்தச் சூத்தை பெரும்பாலும் வலிப்பதும் இல்லை.

ஆகவே புளோரைட்டைக் கூட்ட வேண்டும். கடைப் பற்பசையில் பத்து இலட்சத்துக்கு 1,000 முதல் 1,500 பங்கு புளோரைட் இருக்கும்; இவர்களுக்கு 5,000 பங்கு உள்ள பசையையோ, இரவில் பல்வரிசையின் அளவுக்கு வார்த்த தட்டில் வைத்துக் கடிக்கும் ஜெல்லையோ பல் வைத்தியர் எழுதித் தருவார். துலக்கிய பின் துப்புங்கள், தண்ணீரால் அலச வேண்டாம். வரட்சிக்கு டொபி சூப்புவதும் தேசிக்காய்த் துண்டு நக்குவதும் பல்லைக் கரைக்கும். சீனியில்லாத சுவிங்கம் நல்லது.

போசாக்கு மிஸ் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடச் சொல்றாங்க, பால்மாவும் குடிக்கச் சொல்றாங்க. பல் டொக்டர் அடிக்கடி இனிப்பு வாயில படக் கூடாதுங்கிறார். யார் சொல்றதைக் கேக்கிறது?

இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான். இருவரும் சொல்வது சரி. இருவரும் ஒரே அறையில் இருந்து சொல்லாததுதான் குறை. பல்லுக்கு ஆகாதது, சாப்பிட்ட தடவைகளின் எண்ணிக்கையும் அதிலுள்ள சீனியும் சேர்ந்த கூட்டு. நிறையைத் தூக்குவது கலோரியும் புரதமும். அந்தக் கலோரி சீனியிலிருந்துதான் வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆறு தடவை சாப்பிடுங்கள்; அந்த ஆறில் நான்கு தடவை முட்டை, மீன், பருப்பு, தயிர், தேங்காய்ப்பால், நெய் என்று இருக்கட்டும்.

இனிப்பான சத்துப் பானம் எழுதித் தந்திருந்தால் அதைக் கட்டாயம் குடியுங்கள். ஆனால் போத்தலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உறிஞ்ச வேண்டாம். அரை மணித்தியாலத்துக்குள் குடித்து முடித்து, தண்ணீரோ மேலே சொன்ன அப்பச்சோடாத் தண்ணீரோ கொண்டு வாயை அலசுங்கள். இரவில் கடைசியாக வாயில் படுவது பானமாக இல்லாமல் பற்பசையாக இருக்கட்டும். நிஸ்டாட்டின் பாணியிலும் இருமல் பாணியிலும் சீனி இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவும் செய்ய முடியாமல், இனிப்பு மட்டுமே இறங்கும் நாட்கள் வரும். அந்த நாட்களில் நிறையின் பக்கமே நில்லுங்கள். பல்லைப் பிறகு அடைக்கலாம்.

ராத்திரியில பல்செட்டைக் கழட்டணுமா? மனுசங்க முன்னால வெக்கமா இருக்கே.

கழற்ற வேண்டும். செட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவில்தான் பூஞ்சணம் வளர்கிறது. அதைக் கழுவி மூடியுள்ள கிண்ணத்தில் சுத்தமான நீரில் வையுங்கள். கைலேஞ்சியில் சுற்றினால் குப்பையோடு போய்விடும், போயும் இருக்கிறது. மெலிந்தால் முரசும் சுருங்குவதால் பழைய செட் ஆடிப் புண்ணாக்கும். புண்ணான வாயில் சாப்பாட்டுக்கு மட்டும் போடுங்கள். முடியாவிட்டால் அதுவும் வேண்டாம்.

ரேடியேஷன் முடிஞ்ச பிறகு வாய் திறக்கக் கஷ்டமா இருக்கு. தானாச் சரியாகுமா?

தானாகச் சரியாவது அரிது, விட்டால் இறுகும். உங்கள் மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கிடையில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பயமில்லை. வாய் திறக்கும் அளவு 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வைத்தியர்கள் அதைத் தாடை இறுக்கம் என்கிறார்கள். நாளுக்குப் பல தடவை திறந்து மூடும் பயிற்சியையும், ஐஸ்கிறீம் குச்சி போன்ற தட்டையான மரக்குச்சிகளை அடுக்கி, வாரத்துக்கு வாரம் ஒன்று கூட்டும் பயிற்சியையும் சொல்லித்தருவார்கள். கதிர் தொடங்கும் முன்பே விரல் அளவைப் பார்த்து வைப்பது நல்லது.

மூக்கால ரியூப் போட்டிருக்கு. வாயால ஒண்டும் போறேல்லைத்தானே, பிறகேன் துலக்கிறது?

வாயில் சேரும் கிருமி, படுத்திருக்கும்போது உமிழ்நீருடன் நுரையீரலுக்குள் இறங்கி நியூமோனியாவை உண்டாக்கலாம். ஆகவே ரியூப் இருப்பவருக்குத் துலக்குவது இன்னும் அவசியம். விழுங்குவது பாதுகாப்பு என்று சொல்லியிருந்தால், நாளுக்குச் சில மடக்குத் தண்ணீராவது விழுங்கச் சொல்லுங்கள். வேலை இல்லாத தொண்டைத் தசை விழுங்குவதை மறந்துவிடுகிறது.

சீனிதான் கான்சருக்குத் தீனியாம். சோறையும் நிப்பாட்டி, முள்ளுச்சீத்தா இலையை அவிச்சுக் குடுக்கலாமா?

நம் உடலின் எல்லாக் கலங்களும் குளுக்கோசை எரிக்கின்றன. நீங்கள் சோற்றை நிறுத்தினால் உடல் தசையைக் கரைத்துக் குளுக்கோசு செய்துகொள்ளும். கட்டி பட்டினி கிடக்காது, நோயாளிதான் கிடப்பார். நீரிழிவு உள்ளவரும், டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்து எடுப்பதால் சீனி ஏறியவரும் அதற்குரிய கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்க வேண்டும். அது வேறு விஷயம். முள்ளுச்சீத்தா இலை மனிதருக்குப் புற்றுநோயைக் குணமாக்கியதாக நிரூபணம் இல்லை. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் ஒளிக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பொயிலையை விட்டுட்டாரு. வெறும் வெத்தில பாக்கு போடலாந்தானே?

போடக் கூடாது. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், பாக்கு தனியாகவும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கு கன்னத்தின் உட்தோலை நாராக்கி வாயை இறுக்குகிறது. கதிராலும் இறுகும் வாய்க்கு அது இரட்டைப் பூட்டு. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான் என்பதால், மூன்று விரல் சோதனையை வெற்றிலை போடும் வீட்டார் எல்லோருக்கும் செய்யுங்கள். இரண்டு வாரங்களில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால், கொழும்பு 7 வார்ட் பிளேஸிலுள்ள அரசாங்கப் பல் வைத்தியசாலையில் காட்டலாம்.

அம்மாவுக்கு எலும்புக்கு மாசத்துக்கு ஒரு ஊசி போடுறாங்க. ஆடுற பல்லைக் கழட்டலாமா?

அந்த ஊசி சொலெட்ரோனிக் அமிலமாகவோ டெனோசுமாப்பாகவோ இருக்கலாம். மார்பு, புரஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கும் மைலோமா என்ற எலும்பு மச்சைப் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் அது எலும்பு முறிவைத் தடுக்கிறது. ஆனால் தாடை எலும்பு தன்னைப் புதுப்பிப்பதையும் அது மெதுவாக்குவதால், பல் கழற்றிய இடத்தில் எலும்பு வெளித்தெரிந்து ஆறாமல் நிற்கலாம். நூறு பேரில் ஐந்து பேருக்கும் குறைவானோருக்கே அது நேர்கிறது என்பதால், ஊசியைப் பயந்து நிறுத்த வேண்டாம். பல் வைத்தியரிடம் ஊசியின் பெயரையும் முதலில் போட்ட திகதியையும் சொல்லுங்கள்; வேரை மட்டும் சுத்தம் செய்து பல்லை விட்டுவைக்க முடியுமா என்று அவர் பார்ப்பார்.

எல்லாம் முடிஞ்சு மூண்டு வருசம். இப்ப பக்கத்துக் கிளினிக்கில பல்லுப் பிடுங்கலாம்தானே?

முதல் பதிலில் சொன்ன ஒடுங்கிய இரத்தக் குழாய்கள் மூன்று வருடத்தில் விரிந்துவிடுவதில்லை. கதிர் வாங்கிய தாடைக்கு, அதிலும் கீழ்த்தாடைக்கு, அந்த ஆபத்து வாழ்நாள் முழுவதும் உண்டு. என் அத்தான் இதே நினைப்பில், எனக்கும் சொல்லாமல், ஒரு சிறு கிளினிக்கில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். அவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு மாதங்கள் கழித்து டோர்ச் அடித்துப் பார்த்தபோது, குழிக்குள் மஞ்சள் நிறத்தில் எலும்பு தெரிந்தது. வாய், முக அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் ஒரு வருடத்துக்கு மேல் போய்வந்தார். அதற்குள் 7 கிலோ குறைந்தார்.

சிகிச்சை முடியும் நாளில், எந்தப் பக்கத்துக்கு, எத்தனை கிரே அளவு கதிர் கொடுத்தார்கள், எந்த ஆண்டு என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அத்தானின் துண்டை நான் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தேன். பஸ் காசு வைக்கும் பையில் அடையாள அட்டைக்குப் பின்னால் அதைச் செருகி வைத்திருக்கிறார்.